பாதிப் பாதி, முள்ளங்கி நிறைய

பூசான் நகரத்துச் சாஜிக் மைதானத்தில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். லோட்டே ஜயன்ட்ஸ் அணியின் சட்டை, வெயில் இறங்கிய பிறகும் கழற்றாத தொப்பி, மடியில் கோழிப் பெட்டி. எதிரணியின் மூன்றாவது ஆள் அவுட் ஆனதும் பெட்டியை மூடினார். கையில் மாட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கழற்றி மூடிமேல் வைத்தார். பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். அடுத்த பத்து நிமிஷம் ஒரு பாட்டு விடாமல், ஒரு கையசைவு பிசகாமல் பாடினார். லோட்டேயின் மூன்றாவது ஆள் அவுட் ஆனதும் உட்கார்ந்தார். உறையை மாட்டினார், பெட்டியைத் திறந்தார், கடித்து வைத்திருந்த துண்டை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மூன்று இன்னிங்ஸ் முடியும்வரை ஆட்டத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொரியாவின் பேஸ்பால் மைதானங்களில் சாப்பிடுவார்கள், பாடுவார்கள் என்று அதற்குமுன் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் கலந்த பெரிய இரைச்சலாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பாட்டியின் பெட்டி மூடித் திறக்கும் கணக்கைப் பார்த்த பிறகுதான் இதற்குள் ஒரு தாளம் ஓடுவது பிடிபட்டது.

கிரிக்கெட்டோடு வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும். மூன்று பேர் அவுட் ஆனால் முறை மாறும். ஆக மூன்று மணி நேர ஆட்டத்தில் பதினேழோ பதினெட்டோ அரை இன்னிங்ஸ்கள். கொரியாவில் எங்கும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு: தன் அணி மட்டை பிடிக்கும்போதுதான் பாட வேண்டும். எதிரணி பிடிக்கும்போது பாட்டு அவர்களுடையது. வெளியூர் ரசிகர்களுக்கும் எதிர்ப்பக்கத்தில் தனி மேடை, தனி முரசு, தனிப் பாட்டுத் தலைவர் உண்டு. ஒரு பக்கம் பாடி உட்கார, மறுபக்கம் எழுந்து பதில் பாடும். நம் ஊர் எசப்பாட்டை இருபதாயிரம் பேர் சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது. பாடாத பக்கத்துக்கு என்ன வேலை? சாப்பாடு.

அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர், பூசானிலேயே பிறந்து வளர்ந்தவர். மைதானத்துக்குப் போகும் வழியில் நடைபாதையில் கிம்பாப் சோற்றுச் சுருள்களும் கருவாட்டுக் கணவாயும் பரப்பி வைத்து விற்கும் பெண்களைத் தாண்டி, ஒரு கோழிக் கடை முன்னால் நின்றார். கடைக்காரம்மாவிடம் மூன்றே சொல் சொன்னார்: "பன்பன், மூ மானி." பாதிப் பாதி, முள்ளங்கி நிறைய. கொரியாவில் இந்த வாக்கியம் தெரியாத குழந்தை கிடையாது. ஒரு முழுக் கோழியில் பாதி வெறுமனே பொரித்தது, பாதி சிவப்புக் குழம்பில் புரட்டியது, கூடவே ஊறவைத்த முள்ளங்கி கொஞ்சம் அதிகம். அந்தப் பெட்டியோடு மைதானத்துக்குள் நேராகப் போகலாம். கண்ணாடிப் புட்டியும் டின்னும் கூடாது, அவ்வளவுதான். வெளிச் சாப்பாட்டை வாசலில் பிடுங்கி வைக்கும் அரங்குகளில் படம் பார்த்துப் பழகிய எனக்கு இதுவே பெரிய மரியாதையாகப் பட்டது.

இந்தக் கோழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பொரிப்பதற்கு எடுப்பது சிறிய கோழி, சுத்தம் செய்தபின் ஒரு கிலோ அளவில் நிற்கும். மேல்மாவில் மாச்சத்து கூடுதல், பூச்சு மெல்லியது. முதல் ஈடு மிதமான சூட்டில். கறி வெந்ததும் எடுத்து ஆறவிடுவார்கள். ஆறும்போது உள்ளே இருக்கும் ஈரம் தோலுக்கு வந்து சேரும். பிறகு இன்னும் காய்ந்த எண்ணெயில் இரண்டாம் ஈடு, வந்து சேர்ந்த ஈரத்தை விரட்டுவதற்கு. ஒரே தடவையில் பொரித்த கோழி சட்டியிலிருந்து எடுத்ததும் அருமையாக இருக்கும், அரை மணியில் தொய்ந்துவிடும். இரண்டு ஈடு கண்ட கோழி பெட்டிக்குள் மெட்ரோ ஏறி, படிக்கட்டு ஏறி, ஐந்தாவது இன்னிங்ஸ் வரைக்கும் பல்லுக்கடியில் நொறுங்கும். விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்காகவே செய்த பண்டம் இது. அரை இன்னிங்ஸ் பாடிவிட்டு வந்து எடுத்தாலும் காத்திருக்கும்.

சிவப்புப் பாதிக்குப் பெயர் யங்னியொம். கோச்சுஜாங் எனும் புளிக்கவைத்த மிளகாய் விழுது, பூண்டு, மாச்சத்துப் பாகு, பல கடைகளில் கெச்சப்பும் உண்டு. நாக்கில் முதலில் இனிப்புதான் தெரியும். இது என்ன, மிட்டாய் போல இருக்கிறதே என்று நினைக்கும்போது மிளகாய் வரும். கடைசியாக, விழுங்கிய பிறகு, பூண்டு. தேகு நகரத்தில் கோழிக் கடை வைத்திருந்த யுன் ஜொங்-கியே என்பவர்தான் இதை உண்டாக்கினார் என்று சொல்வார்கள். ஆறிப்போன கோழி இறுகி வாயைக் குத்துகிறதே என்று வாடிக்கையாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, மேலே பூச ஏதாவது வேண்டும் என்று மாதக்கணக்கில் முயன்றாராம். கடைசியில் அக்கம்பக்கத்துப் பாட்டி ஒருவர் பாகு சேர்த்துப் பாரேன் என்றதும் பதம் வந்தது என்பது அவரே சொன்ன கதை. ஆறிய கோழிக்காகப் பிறந்த குழம்பு, ஆறவிட்டுச் சாப்பிடும் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

முள்ளங்கியை யாரும் பாடமாட்டார்கள், நான் பாடுகிறேன். சின்னச் சதுரமாக நறுக்கி வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைத்தது. சீல் வைத்த டப்பாவில் நீரோடு வரும். நண்பர் குச்சியால் மேல்தாளில் இரண்டு ஓட்டை போட்டு, டப்பாவைக் கவிழ்த்து நீரை வடித்துவிட்டுத்தான் பிரித்தார். பிரித்துவிட்டு வடித்தால் மடியெல்லாம் வினிகர். எண்ணெய், இனிப்பு, காரம் மூன்றையும் ஒரு கடியில் கழுவி வாயைத் திரும்ப வெறுமையாக்கும் வேலை இந்த முள்ளங்கிக்கு. தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் ஊறுகாய் என்ன செய்கிறதோ, அதைத் தலைகீழாகச் செய்கிறது. வாய் வெறுமையானால் அடுத்தது பீர். கோழிக்கும் பீருக்கும் சேர்த்துக் கொரியர்கள் வைத்த பெயர் சிமேக். சிக்கின், மேக்ஜு என்ற இரண்டு சொல்லிலும் முதல் அசையை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். முதுகில் பீப்பாயைச் சுமந்துகொண்டு படியேறி வரும் பையன்கள் உட்கார்ந்த இடத்திலேயே பீர் ஊற்றிக் கொடுப்பார்கள். 2016-இல் அதிகாரிகள் இதைத் தடுக்கப் பார்த்தார்கள். ரசிகர்கள் கொதித்ததில் சில நாட்களிலேயே தடை வாபஸ் ஆனது.

ஊருக்கு ஊர் தட்டு மாறும். சியோலின் ஜாம்சில் மைதானத்தில் கிம்ச்சி ஊறுகாய் நீரில் மிதக்கும் நூடுல்ஸ் பிரசித்தம். ஆகஸ்ட் புழுக்கத்தில் பனித்துருவல் மிதக்கும் அந்தப் புளித்த சிவப்பு நீரைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தால் உச்சந்தலை வரை குளிரும். சூவோனில் மைதானத்துக்குள்ளேயே அந்த ஊர்ப் பழைய கோழிக் கடையும் மந்து எனும் கொழுக்கட்டை விற்கும் கடையும் கிளை வைத்திருக்கின்றன. இஞ்சியோனில் வெண்சாஸில் புரட்டிய பொரித்த இறால். அங்கே மேசையில் அடுப்பு வைத்துப் பன்றி இறைச்சி வாட்டிச் சாப்பிடும் தனிப்பகுதிகூட உண்டு. எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள், எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அடுப்பு கண்ணைக் கேட்கும். கறி கருகாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பந்து வேலி தாண்டிவிடும். மைதானச் சாப்பாடு கையை மட்டும்தான் கேட்க வேண்டும். கண்ணையும் காதையும் விட்டுவிட வேண்டும்.

தொழில்முறை பேஸ்பால் கொரியாவில் தொடங்கியது 1982-இல். அன்றைய ஆறு அணிகளின் முதலாளிகளைப் பாருங்கள். லோட்டே மிட்டாயும் சூயிங்கமும் செய்த நிறுவனம். குவாங்ஜுவின் ஹைதாய் பிஸ்கட் நிறுவனம். முதலாண்டே கோப்பை வென்ற ஓபி பேர்ஸின் பின்னால் இருந்தது பீர் ஆலை. வாயோடு சம்பந்தப்பட்டவை ஆறில் மூன்று. இன்று பத்து அணிகள். 2024-இல் ஒரே பருவத்தில் மைதானத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை முதல்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது, அடுத்த ஆண்டு ஒரு கோடியே இருபது லட்சத்தை. ஐந்து கோடிச் சொச்சம் பேர் வாழும் நாட்டில்.

இனி பாட்டின் பாதி.

மட்டை பிடிக்க வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு உண்டு. நட்சத்திரத்துக்கு மட்டும் என்றில்லை, நேற்று அணியில் சேர்ந்த பையனுக்கும் உண்டு. வெளிநாட்டுக்காரருக்கும் உண்டு. 2024-இல் 202 ஹிட் அடித்துப் புதிய சாதனை படைத்த லோட்டேயின் விக்டர் ரெயெஸுக்கு இருபதாயிரம் பேர் அவர் பெயரை அவர்கள் நாக்குக்கு வாகாக நீட்டிப் பாடினார்கள். பெரும்பாலான கொரியப் பெயர்கள் மூன்று அசை. முரசில் மூன்று அடி விழுந்தால் ஒரு பெயர் நின்றுவிடும். இந்தப் பாட்டுகளின் கட்டமைப்பைக் கவனித்தால் அதில் உள்ள தொழில் நுணுக்கம் தெரியும். பேஸ்பாலில் அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகையால் பாட்டு எந்த இடத்தில் அறுந்தாலும் முழுமையாகக் கேட்க வேண்டும். குட்டிக் குட்டி வட்டங்களாகச் சுற்றி வரும் மெட்டுகள். பந்து மட்டையில் பட்ட நொடியில் பாட்டு நிற்கும், மூச்சு நிற்கும். அடி நன்றாக விழுந்தால் வேறு பாட்டு, அவுட் ஆனால் அடுத்தவர் பாட்டு. 2017 வாக்கில் மெட்டு யாருடையது என்ற பதிப்புரிமைச் சிக்கல் எழுந்து, பிரபலமான பழைய பாட்டுகள் பல நின்றுபோயின. அதன்பிறகு அணிகள் புதிதாக மெட்டுப் போடத் தொடங்கின. ரசிகர்கள் அத்தனையையும் மறுபடி மனப்பாடம் செய்தார்கள்.

இந்தக் கூட்டத்தை நடத்துகிறவரை உங்வொன்-தன்ஜாங் என்கிறார்கள், ஆரவாரத் தலைவர். லோட்டேயின் ஜோ ஜி-ஹூன் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறார். மேடையில் வெள்ளைக் கையுறையும் விசிலுமாக நிற்கும் அவரைக் கவனித்தபோது ஒன்று உறைத்தது: அவர் முகம் கூட்டத்தைப் பார்க்கிறது, முதுகு ஆட்டத்தைப் பார்க்கிறது. எந்நேரமும் ஆட்டத்தோடு இருக்கும் மனிதர், ஆட்டத்தை ஓரக்கண்ணால் மட்டுமே பார்க்கிறார். பந்து எங்கே போனது என்பதை இருபதாயிரம் முகங்களில் படிக்கிறார். கச்சேரியில் பாடகரையே பார்த்துக்கொண்டிருக்கும் மிருதங்க வித்துவானைப் பார்த்திருக்கிறோம். சபையைப் பார்த்து வாசிக்கும் வித்துவான் இவர்.

சபைக்கு இவ்வளவு இடம் கொடுப்பது கொரியாவுக்குப் புதிதல்ல. பன்சோரி என்ற அவர்களுடைய கதைப்பாட்டில் மேடையில் இரண்டே பேர், ஒரு பாடகர், ஒரு முரசுக்காரர். மூன்றாவது ஆள் சபை. சரியான இடத்தில் சரியான சொல்லை எடுத்துப் போட்டு, பாட்டைத் தாங்கிப் பிடிப்பது கேட்பவர்களின் கடமை. நம் சபைகளில் எழும் "பலே", "ஆஹா" போலத்தான். அங்கே அதற்கும் இலக்கணம் உண்டு, இடம் தவறினால் பாட்டே சாயும். நன்றாகக் கேட்கத் தெரிந்தவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் குவி-மியொங்சாங், காதால் வித்துவான் ஆனவர். பாடத் தெரியாமல் கேட்டுக் கேட்டே வித்துவான் பட்டம் வாங்கலாம். என் முன்வரிசைப் பாட்டிக்கு அந்தப் பட்டம் தாராளமாகத் தகும்.

பூசான்காரர்களின் பேச்சு சியோல்காரர்களின் காதுக்கு முரடு. அவர்கள் அதை மறைப்பதில்லை, மைதானத்தில் ஆயுதமாக எடுக்கிறார்கள். லோட்டே ஆள் முதல் தளத்தில் ஓடத் தயாராக நிற்கும்போது, எதிரணிப் பந்துவீச்சாளர் அடிக்கிறவருக்கு வீசாமல் சட்டென்று திரும்பி முதல் தளத்துக்கு எறிந்து மிரட்டுவார். உடனே மைதானம் முழுவதும் ஒரே அசையில் இடி இறங்கும்: "மா!" தமிழில் சொன்னால் "டேய்!" வைவதும் இல்லை, கெஞ்சுவதும் இல்லை. தெருமுனையில் நிற்கும் அண்ணன் ஒருவர் சின்னப் பையனை அதட்டும் குரல். என் பக்கத்திலிருந்த நண்பர் அலுவலகத்தில் அதிர்ந்து பேசாதவர். அந்த "மா!"வை வயிற்றிலிருந்து எடுத்தார்.

இந்த மைதானத்தை உலகத்திலேயே பெரிய நோரேபாங் என்பார்கள், காசு கொடுத்து அறையில் பாடிவிட்டு வரும் பாட்டுக்கூடம். ஆட்டத்தின் பிற்பகுதியில் பூசானின் கடற்காகத்தைப் பற்றிய பழைய பாட்டு எழும்போது அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். ஒரு காலத்தில் கிழித்த செய்தித்தாள்களைக் குஞ்சமாக்கி ஆட்டுவார்கள். அப்போதெல்லாம் குப்பை அள்ளக் கொடுத்த ஆரஞ்சு நிறப் பையை ஊதித் தலையில் கட்டிக்கொண்டு பாடிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அதே பையில் கோழி எலும்பை அள்ளிக்கொண்டு போவார்கள். லோட்டே கடைசியாகக் கோப்பை வென்றது 1992-இல். அதற்கு முன் 1984-இல், சோய் தோங்-வொன் என்ற ஒரே பந்துவீச்சாளர் இறுதித் தொடரின் நான்கு வெற்றிகளையும் தன் கையால் வாங்கிக் கொடுத்தார். 2011-இல் மறைந்த அவருக்கு மைதானத்து வாசலில் சிலை இருக்கிறது. நினைவு நாளில் பூ வைக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கோப்பை கிடைக்காத ஊர்தான் எல்லோரையும்விட உரக்கப் பாடுகிறது.

ஆனால் எல்லாப் பாட்டும் கொண்டாட்டப் பாட்டு அல்ல. 1980 மே மாதம் ராணுவம் மக்களைச் சுட்டுத் தள்ளிய ஊர் குவாங்ஜு. இரண்டு வருஷம் கழித்துத் தொழில்முறை பேஸ்பாலின் முதல் பந்தை எறிந்து தொடங்கி வைத்தவர் அன்றைய அதிபர் சுன் தூ-ஹ்வான், அந்த ராணுவத்தின் பின்னால் இருந்தவர். அந்த ஊர் அணியான ஹைதாய் டைகர்ஸ் 1983 முதல் 1997 வரை ஒன்பது முறை கோப்பை வென்றது. ஜெயித்துக்கொண்டே இருந்த அந்த அணியின் ரசிகர்கள் பாடிய பாட்டு 'மோக்போவின் கண்ணீர்', 1935-இல் ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் லீ நன்-யொங் பாடிய சோகப் பாட்டு. தெருவில் கூடி அழ முடியாதவர்கள் மைதானத்தில் கூடிப் பாடினார்கள். இன்றும் மே 18-இல் அங்கே ஆட்டம் அமைந்தால் ஒலிபெருக்கியும் மேடை நடனமும் இல்லாமல் அமைதியாக நடத்தும் வழக்கம் இருக்கிறது. பாடாமல் இருப்பதும் சபைக்குத் தெரிகிறது.

கொரோனா வந்தபோது இரண்டு பாதியும் போயின. 2020 மே 5-ஆம் தேதி பருவம் தொடங்கியது. உலகில் பெரும்பாலான இடங்களில் ஆட்டம் இல்லாததால் அமெரிக்காவிலும் அதைத்தான் பார்த்தார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்தபடி முரசு அடித்தார்கள், மேடையில் ஆடினார்கள். 2022 ஏப்ரலில் மைதானம் முழுதாகத் திறந்தபோது முதலில் திரும்பி வந்தது சாப்பாடு. கோழி தின்னலாம், வாய்விட்டுப் பாடக் கூடாது, கைதட்டலாம் என்றார்கள். குரலுக்கு அனுமதி அதற்கும் கொஞ்ச நாள் கழித்தே கிடைத்தது. பாதியைக் கொடுத்துப் பாதியை நிறுத்திவைத்த அந்த நாட்களைப் பற்றி நண்பர் சொன்னார்: "கோழி அதேதான். ஆனா எப்ப சாப்பிடறது, எப்ப நிறுத்தறதுன்னே தெரியல."

அன்றைய ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ். லோட்டே இரண்டு ரன் பின்தங்கியிருந்தது. எதிரணி மட்டை பிடித்திருந்தது, எங்கள் பக்கம் சாப்பாட்டு நேரம். மட்டையின் விளிம்பில் பட்டு எகிறிய பந்து ஒன்று எங்கள் பகுதிக்கே வந்தது. பாட்டிக்கு நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர் எழும்பிப் பிடித்தார். பிடித்து முடிப்பதற்குள் சுற்றிலும் ஆயிரம் குரல் எழுந்தது: "ஆ ஜுரா! ஆ ஜுரா!" பூசான் பேச்சில், பிள்ளைக்குக் கொடு என்று அர்த்தம். பார்வையாளர் பகுதிக்குள் வந்து விழும் பந்து பிடித்தவருக்குச் சொந்தம் என்பது பொது விதி. பக்கத்திலிருக்கும் குழந்தைக்குச் சொந்தம் என்பது சாஜிக் விதி. அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. திரும்பிப் பார்த்தார், பின்வரிசையில் ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமி, அவள் கையில் பந்தை வைத்தார். கைதட்டல்.

அவள் கையில் உறை இல்லை. விரலெல்லாம் யங்னியொம். வெள்ளைப் பந்தில், சிவப்புத் தையலுக்குப் பக்கத்தில், அதே சிவப்பில் ஒரு சின்னக் கட்டைவிரல் தடம் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், துடைக்கப் போன அம்மாவின் கையைத் தள்ளினாள், பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்: "அப்பா!" கொரிய மொழியிலும் அதே சொல்தான். எனக்குச் சுரீரென்றது.

எதிரணியின் மூன்றாவது ஆள் அவுட் ஆனார். லோட்டேக்குக் கடைசி வாய்ப்பு. பாட்டியின் பெட்டியில் இன்னும் ஒரு துண்டு கோழியும் இரண்டு முள்ளங்கியும் மிச்சம் இருந்தன. அவர் பெட்டியை மூடினார், உறையைக் கழற்றி மூடிமேல் வைத்தார், எழுந்து நின்றார்.